லீ குவான் யூ ஒருவர் நமக்கும் கிடைத்திருந்தால்?

கேள்வி கேட்டவர் எழுதியது மூன்றே வரி. சிங்கப்பூருக்கு அதன் முதல் பிரதமர் லீ குவான் யூ கிடைத்ததுபோல நமக்கும் ஒருவர் கிடைத்து, இருபது வருடம் கையில் சாட்டையோடு ஆண்டிருந்தால் எங்கேயோ போயிருப்போம் என்கிறார். சில சமூகங்களுக்கு ஜனநாயகம் ஒத்துவராது என்பதை ஏன் யாரும் வெளிப்படையாகச் சொல்வதில்லை என்றும் கேட்கிறார். இதற்குள் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. கடுமையான ஆட்சியில் ஒரு நாடு முன்னேறியது உண்டா என்பது முதலாவது. உண்டு, அதை மறுத்துப் பயனில்லை. சில மக்களின் இயல்புக்கே அப்படிப்பட்ட ஆட்சிதான் பொருந்துமா என்பது இரண்டாவது. மூன்றாவதை யாரும் வாய்விட்டுக் கேட்பதில்லை: அப்படி ஓர் ஆட்சி வேண்டும் என்று முடிவெடுத்தால், நல்லவராகப் பார்த்து வரவழைக்க வழி இருக்கிறதா? எனக்கு இந்த மூன்றாவதுதான் பெரிதாகப் படுகிறது.

ஒரு கலைக் கல்லூரியில் 26 வருடம் அரசியல் அறிவியல் நடத்தியவன் நான். அதில் பெரும்பகுதி ஒப்பீட்டு அரசியல் தாள். இந்தக் கேள்வி வராத வருடமே இல்லை, பெரும்பாலும் பஸ் தாமதமாக வந்த நாளில் வரும். வீட்டிலும் இதே பேச்சுதான். என் மைத்துனர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை ஒன்றில் பதினோரு வருடம் வெல்டராக இருந்தவர். 2015 மார்ச்சில் லீ இறந்தபோது மன்னார்குடிப் பக்கம் ஊருக்கு ஊர் அஞ்சலி பேனர் வைத்தார்களே, அதைச் சிரிப்பாகப் பார்த்தவர்களுக்கு அந்த ஊர்களின் மாடிவீடுகள் எந்தச் சம்பளத்தில் எழுந்தவை என்று தெரியாது. ஒன்றை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எனக்குச் சீனமோ கொரிய மொழியோ தெரியாது. அந்த நாடுகளைப் பற்றிச் சொல்வதெல்லாம் ஆங்கிலத்திலும் தமிழிலும் படித்தது.

இரண்டாவது கேள்வியைச் சீக்கிரம் முடித்துவிடலாம். 1990களில் ‘ஆசிய விழுமியங்கள்’ என்று ஒரு வாதம் பெரிதாக ஓடியது. ஆசியர்கள் குடும்பத்துக்கும் பெரியவர்களுக்கும் அடங்கி வாழ்கிறவர்கள், அவர்களுக்கு மேற்கத்திய ஜனநாயகம் சரிவராது என்பது அதன் சாரம். லீயும் மலேசியாவின் மகாதீரும் இதைச் சொன்னார்கள். ஆனால் பெரியவர்களை மதிக்கச் சொன்ன சீன ஞானி கன்ஃபூசியஸின் அதே மரபில் வந்த தைவான் 1949 முதல் 1987 வரை 38 வருடம் இராணுவச் சட்டத்தின் கீழ் இருந்துவிட்டு, 1996இல் அதிபரை நேரடியாக வாக்களித்துத் தேர்ந்தெடுத்தது. தென் கொரியாவில் 1961 முதல் இராணுவத்திலிருந்து வந்தவர்களே ஆண்டார்கள். 1987 ஜூனில் மக்கள் தெருவுக்கு வந்து நேரடித் தேர்தலை வாங்கினார்கள். இரண்டு நாடுகளிலும் பண்பாடு ஒரே வருடத்தில் மாறிவிடவில்லை, பொருளாதாரமும் அதனால் படுத்துவிடவில்லை. ‘இந்த மக்கள் இன்னும் தயாராகவில்லை’ என்ற வாதத்துக்கு வயதும் அதிகம். தனிமனித சுதந்திரத்துக்காக அவ்வளவு எழுதிய ஆங்கிலேயத் தத்துவ அறிஞர் ஜான் ஸ்டூவர்ட் மில், நம்மைப் போன்றவர்களுக்கு நல்லெண்ணமுள்ள சர்வாதிகாரமே தகும் என்றார். அவர் 35 வருடம் சம்பளம் வாங்கியது கிழக்கிந்தியக் கம்பெனியில். அதற்குமேல் நான் என்ன சொல்ல?

மூன்றாவது கேள்விக்கு, 1965ஆம் வருடத்தின் கடைசி வாரத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்த ஆகஸ்டு 9இல் மலேசியாவிலிருந்து பிரிந்து தனியாக நிற்கிறது சிங்கப்பூர், பிரதமர் லீ. நவம்பர் 24இல் காங்கோவில் மொபூட்டு இராணுவத்தோடு வந்து ஆட்சியைப் பிடிக்கிறார். டிசம்பர் 30இல் பிலிப்பைன்ஸில் மார்கோஸ் அதிபராகப் பதவியேற்கிறார், முறையாகத் தேர்தலில் வென்றுதான். இந்தோனேசியாவில் அக்டோபரிலிருந்தே அதிகாரம் சுகார்த்தோவின் கைக்கு நகர்ந்துகொண்டிருக்கிறது. பக்கத்து பர்மாவில் ஜெனரல் நே வின் மூன்று வருடங்களுக்கு முன்பே வந்தாயிற்று. இந்த ஐந்து பேரில் ஒருவரை உங்கள் நாட்டுக்கு எடுத்துக்கொள்ளுங்கள் என்று அன்றைக்குச் சொல்லியிருந்தால் யாரை எடுத்திருப்பீர்கள்? குடிநீருக்குக்கூட மலேசியாவை நம்பியிருந்த தீவின் பிரதமரை எத்தனை பேர் எடுத்திருப்பார்கள்? மார்கோஸ் வழக்கறிஞர் தேர்வில் நாட்டிலேயே முதலாக வந்தவர், பேச்சில் கெட்டிக்காரர். மொபூட்டுவிடம் செம்பும் கோபால்டும் வைரமும் இருந்தன.

நடந்தது தெரிந்ததுதான். மொபூட்டு 32 வருடம் ஆண்டார். சொந்த ஊரான பாடோலிட்டேயில், காட்டுக்கு நடுவே, கான்கார்ட் விமானம் இறங்கும் அளவுக்கு ஓடுபாதை போட்டுக்கொண்டார். மார்கோஸ் குடும்பம் எடுத்தது 500 கோடி டாலரிலிருந்து 1,000 கோடி டாலர் வரை என்று மதிப்பிடுகிறார்கள். சுகார்த்தோவின் காலத்தில் வறுமை உண்மையிலேயே குறைந்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அது ஐந்து லட்சம் பேருக்குக் குறையாத படுகொலையோடு தொடங்கி, 1998 நெருக்கடியில் தெருக்கலவரத்தோடு முடிந்தது. நே வின் கதையைத் தமிழர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 1964இல் கடைகளை எல்லாம் அரசு எடுத்துக்கொண்டு, 50, 100 கியாட் நோட்டுகளும் செல்லாது என்று ஆனபோது கப்பலேறி வந்தவர்களின் மிச்சம்தான் சென்னையில் பர்மா பஜாரும் அதன் பக்கத்தில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்கும் கடைகளும். அதே மனிதர் 1987இல் மறுபடியும் நோட்டுகளைச் செல்லாதாக்கினார். தனக்கு ராசியான எண் ஒன்பது என்று நம்பியவர் காலத்தில் 45 கியாட், 90 கியாட் நோட்டுகள் வந்தன. அடுத்த வருடம் நாடே கொதித்தெழுந்தது.

கவனிக்க வேண்டியது, இவர்கள் எல்லோரும் வரும்போது ஏறக்குறைய ஒரே வசனத்தைப் பேசினார்கள்: கட்சிச் சண்டை போதும், ஒழுங்கு வேண்டும். மார்கோஸின் இராணுவச் சட்டக் கால முழக்கமே ‘நாடு முன்னேற ஒழுக்கம் தேவை’ என்பதுதான். 1992 நவம்பரில் லீ மணிலாவுக்குப் போய், ஒரு நாட்டுக்கு ஜனநாயகத்தைவிட ஒழுக்கம்தான் அதிகம் தேவை என்று பேசினார். அந்த மருந்தை 1972 முதல் 1986 வரை குடித்து, குடல் வெந்து, அப்போதுதான் எழுந்து உட்கார்ந்திருந்தவர்களிடம் அதைச் சொன்னார். வெளியே இருந்து பார்க்கும்போது லீக்கும் மார்கோஸுக்கும் வித்தியாசம் முப்பது வருடம் கழித்துத்தான் தெரிகிறது. தெரியும்போது மாற்றவும் முடியாது.

இது என் மனப்பதிவு மட்டுமா? புள்ளிவிவரம் என்ன சொல்கிறது என்று பார்த்தால், அரசியல் அறிஞர் ஆதாம் ப்ரெஷ்வொர்ஸ்கியும் அவருடைய குழுவினரும் 1950 முதல் 1990 வரையிலான நாடுகளை ஒப்பிட்டு, சராசரி வளர்ச்சியில் ஜனநாயகத்துக்கும் சர்வாதிகாரத்துக்கும் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை என்றார்கள். பின்னால் பொருளாதார அறிஞர் அசெமோக்லுவின் குழு, ஜனநாயகத்துக்கு மாறிய நாடுகளில் 25 வருடத்தில் தலா வருமானம் 20 சதவீதம் அளவுக்குக் கூடுதலாகிறது என்று கணக்குக் காட்டியது. இதில் சண்டை இன்னும் ஓயவில்லை, நான் எந்தப் பக்கமும் சத்தியம் செய்ய மாட்டேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவுதான்: அதிசய வளர்ச்சிகளும் சரி, அதலபாதாளங்களும் சரி, எதேச்சாதிகார நாடுகளில்தான் அதிகம். சராசரி ஒன்றாக இருக்கலாம், ஏற்ற இறக்கம் ஒன்றல்ல. அப்புறம், அந்த நாடுகள் தரும் எண்களையே அப்படியே நம்ப முடியாது. இரவில் விண்ணிலிருந்து தெரியும் வெளிச்சத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தவர்கள், சர்வாதிகார அரசுகள் வளர்ச்சியைக் கூட்டிச் சொல்வதைக் கண்டிருக்கிறார்கள்.

சரி, சிங்கப்பூருக்கே வருவோம். அங்கே லாரிபோல ஓடியது எது, ஹாரன்போல ஒலித்தது எது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். லஞ்சம் வாங்காத போலீஸ், நேரத்துக்கு வரும் பஸ், அடைக்காத சாக்கடை, மக்களில் ஏறக்குறைய எண்பது சதவீதம் பேர் குடியிருக்கும் அரசு அடுக்குமாடிகள் ஆகியவைதான் என் மைத்துனர் மெச்சுவது. இவை நிர்வாகத் திறமை. டென்மார்க்கிலும் ஜப்பானிலும் இவை தேர்தலோடு சேர்ந்தே இருக்கின்றன. லஞ்ச ஒழிப்புப் பிரிவை அமைத்தது 1952இல் பிரிட்டிஷ் அரசு. துறைமுகமும் நீதிமன்றமும் சிவில் சர்வீஸும் லீக்கு முன்பே இருந்தவை. 1965இலேயே ஆசியாவின் வசதியான ஊர்களில் ஒன்று அது, வெறும் மீன்பிடிக் கிராமம் என்பது பிற்காலக் கதை. இதை வைத்துக்கொண்டு லீயும் அவருடைய நிதியமைச்சர் கோ கெங் சுவீயும் செய்தது சாதாரண வேலை இல்லைதான். ஆனால் சியா தை போ என்ற எதிர்க்கட்சி நாடாளுமன்ற உறுப்பினரை 1966இல் பிடித்து, விசாரணையே இல்லாமல் 1989 வரை அடைத்து வைத்ததால் எந்தச் சாக்கடை சுத்தமானது? இந்தக் கேள்விக்கு இதுவரை யாரும் எனக்குப் பதில் சொன்னதில்லை.

இன்னொன்று, சிங்கப்பூரைச் சர்வாதிகாரத்துக்கு உதாரணமாகக் காட்டுகிறவர்கள் அங்கே தேர்தல் நிற்கவே இல்லை என்பதை மறந்துவிடுகிறார்கள். பத்திரிகை அரசின் பிடியில், எதிர்க்கட்சிக்காரர் மேல் அவதூறு வழக்கு, தொகுதி எல்லைகள் ஆளும் கட்சிக்குச் சாதகம், எல்லாம் உண்மை. ஆனால் ரகசிய வாக்கு ரகசியமாகவே இருந்தது, எண்ணிக்கையில் தில்லுமுல்லு இல்லை. அது எதற்குப் பயன்பட்டது என்பதற்கு நான் வகுப்பில் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. 1983இல் லீக்கு ஒரு கவலை வந்தது: பட்டதாரிப் பெண்கள் குறைவாகப் பிள்ளை பெறுகிறார்கள், படிக்காதவர்கள் அதிகம் பெறுகிறார்கள், இப்படியே போனால் நாட்டின் அறிவு மங்கிவிடும். 1984இல் திட்டமே வந்துவிட்டது. பட்டதாரித் தாய்க்கு மூன்று பிள்ளை இருந்தால் பள்ளிச் சேர்க்கையில் முன்னுரிமை. படிப்புக் குறைந்த, வருமானம் குறைந்த இளம்பெண் ஒன்றிரண்டு பிள்ளையோடு கருத்தடை செய்துகொண்டால் 10,000 வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர். பட்டதாரிப் பெண்களே கொதித்தார்கள். அந்த டிசம்பர் தேர்தலில் ஆளும் கட்சியின் வாக்கு ஏறத்தாழ 13 சதவீதப் புள்ளிகள் சரிந்தது. இரண்டு எதிர்க்கட்சி உறுப்பினர்கள் உள்ளே வந்தார்கள். ஆட்சிக்கு ஆபத்தே இல்லை, 79இல் 77 இடம் அவர்களுக்குத்தான். இருந்தும் 1985இல் அந்தப் பள்ளி முன்னுரிமை காணாமல் போனது.

இதைப் பக்கத்தில் வைத்துப் பார்க்க இரண்டு கதைகள். நம் நெருக்கடி நிலைக் காலத்தில், ‘பேச்சைக் குறை, உழைப்பைக் கூட்டு’ என்று சுவரெல்லாம் எழுதியிருந்த காலத்தில், 1976–77 என்ற ஒரே நிதியாண்டில் 80 லட்சத்துக்கு மேல் கருத்தடை அறுவைகள் நடந்தன. 1977 மார்ச்சில் உத்தரப் பிரதேசத்தின் 85 தொகுதியிலும் பீகாரின் 54 தொகுதியிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை. எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மூன்றில் ஒரு பங்கு என்றிருந்த நாடு அது. கட்டாயக் கருத்தடைக் கொடுமை அவ்வளவாக எட்டாத தமிழ்நாட்டில் அ.தி.மு.க.–காங்கிரஸ் கூட்டணிக்கு 39இல் 34 கிடைத்தது. நமக்கு இது கொஞ்சம் கூச்சமான கணக்கு. ஆனால் மக்கள் தங்கள் மேல் விழுந்ததை வைத்து வாக்களித்தார்கள் என்பது தெளிவு. சீனாவிலோ ஒரு பிள்ளைத் திட்டம் 1980 வாக்கில் தொடங்கி 2015 வரை, 35 வருடம் ஓடியது. பெண் சிசுக்கள் குறைந்ததும் முதியவர்கள் பெருகியதும் அங்குள்ள அறிஞர்களுக்குத் தெரியாததா? தெரியும். அவர்களிடம் வாக்குச்சீட்டு இல்லை. கட்டாயம் இல்லாமல் இந்தக் காரியம் ஆகாது என்றும் சொல்ல முடியாது. 1979க்கும் 1991க்கும் இடையில் சீனாவில் கருவுறு விகிதம் 2.8இலிருந்து 2.0 ஆனது, அதே காலத்தில் கேரளத்தில் 3.0இலிருந்து 1.8. கேரளத்தில் நடந்ததெல்லாம் பெண்கள் பள்ளிக்கூடம் போனதும் பக்கத்தில் ஆஸ்பத்திரி இருந்ததும்தான்.

ஆக, என் 26 வருடத்தில் நான் வந்து சேர்ந்த இடம் இது. நல்ல திட்டம் போடுவதில் ஜனநாயகம் கெட்டிக்காரத்தனம் காட்டும் என்று நான் நம்பவில்லை. முட்டாள்தனமான திட்டத்தைத் திரும்ப வாங்க வைப்பதற்கு ஒரு கைப்பிடி மக்களிடம் இருக்கிறதா என்பதுதான் வித்தியாசம். அந்தக் கைப்பிடி சின்னதாக, பாதி உடைந்து இருந்தால்கூட வேலை செய்கிறது.

இப்போது என் வாதத்துக்கு எதிராக இருக்கும் பலமான சாட்சியைச் சொல்லாவிட்டால் நான் நேர்மையானவன் இல்லை. அது இலங்கை. 1931இலேயே எல்லா வயது வந்தவர்களுக்கும் வாக்குரிமை, ஆசியாவிலேயே முன்னோடி. அந்த வாக்குகளால் அமைந்த நாடாளுமன்றம்தான் 1948இல் மலையகத் தமிழர்களின் குடியுரிமையைப் பறித்தது, 1956இல் சிங்களம் மட்டும் சட்டத்தைக் கொண்டுவந்தது. எல்லாம் விதிப்படி, பெரும்பான்மையோடு. அதே காலத்தில் நான்கில் மூன்று பங்கு சீனர்கள் வாழும் சிங்கப்பூரில், பத்து சதவீதத்துக்கும் குறைவான இந்தியர்களின் மொழியான தமிழ் ஆட்சிமொழிகளில் ஒன்றாக நிலைத்தது. சீன மொழிக்குத் தனிச் சலுகை கேட்டு 1965இல் சீன வணிகர் சங்கம் கிளம்பியபோது லீ அதை எழவிடவில்லை. சுதந்திரமான போட்டி இருந்திருந்தால் சீன வாக்குக்காக ஒருவர் கிளம்பியிருப்பாரா? கிளம்பியிருக்கலாம். இல்லை என்று என்னால் அடித்துச் சொல்ல முடியாது. வாக்குப்பெட்டி மட்டும் இருந்து, சிறுபான்மைக்கு அரண் இல்லாவிட்டால் அது கொடுமைக்குக் கருவியாகும் என்பதைத் தமிழர்களுக்கு வேறு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

ஆனால் அந்தக் கதையின் பிற்பாதியையும் படிக்க வேண்டும். சிங்கப்பூரைப் போல ஆக்குகிறேன் என்று பேசிய இலங்கைத் தலைவர் ஜெயவர்த்தனா 1978இல் நிர்வாக அதிகாரம் கொண்ட நிறைவேற்று அதிபர் பதவியை உண்டாக்கினார். 1979இல் பயங்கரவாதத் தடைச் சட்டம். 1982 டிசம்பரில் பொதுத்தேர்தலையே நடத்தாமல், வாக்கெடுப்பு ஒன்றை வைத்து நாடாளுமன்றத்தின் ஆயுளை நீட்டிக்கொண்டார். ஏழே மாதத்தில், ஜூலை 1983இல், தமிழர்கள் மேல் பெருங்கலவரம். அதிகாரம் ஒரே கையில் குவியக் குவியத் தமிழர்களுக்குப் பாதுகாப்புக் கூடியதா குறைந்ததா? சிங்கப்பூர்ப் பக்கத்திலும் யாழ்ப்பாணத்தில் பிறந்த இருவரை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் ராஜரத்தினம், வெளியுறவு அமைச்சர், 1966இல் அந்நாட்டு உறுதிமொழியை எழுதியவர். நீதியும் சமத்துவமும் கொண்ட ஜனநாயகச் சமுதாயம் அமைப்போம் என்று பள்ளிப் பிள்ளைகள் சொல்லும் வாசகம் அவருடையது. இன்னொருவர் ஜே. பி. ஜெயரத்தினம். 1981இல் ஆன்சன் இடைத்தேர்தலில் வென்று, ஆளும் கட்சி மட்டுமே நிறைந்திருந்த நாடாளுமன்றத்துக்குள் தனியாளாகப் போனவர். அவதூறு வழக்குகளில் 2001இல் திவாலாக்கப்பட்டு, தாம் எழுதிய புத்தகங்களைத் தெருவோரம் நின்று தாமே விற்றார். உறுதிமொழியில் எழுதியிருந்ததைக் கேட்டவர் அவர்.

சந்தேகமான இடங்கள் இன்னும் இரண்டு. 1980 வாக்கில் சீனரின் சராசரி ஆயுள் சுமார் 66, நம்முடையது சுமார் 54. பெரும் பஞ்சத்தில் கோடிக்கணக்கானவர்களைச் சாகவிட்ட அதே ஆட்சிதான் சாதாரண நாட்களில் தடுப்பூசியையும் ஆரம்பப் பள்ளியையும் நம்மைவிட வேகமாகக் கொண்டுபோனது. ஓட்டுப் போட்டும் நாம் அதைக் கேட்டு வாங்கவில்லை. பஞ்சம் செய்தியாகும், சவலைப் பிள்ளை செய்தியாகாது என்று பொருளாதார அறிஞர் அமர்த்தியா சென் சொன்னதைப் பின்பற்றி விளக்கலாம். விளக்கம் சரிதான், ஆனால் செத்த குழந்தைகளுக்கு அது பதிலாகாது.

மற்றொன்று ருவாண்டா. பொதுவாக, ஏழை நாட்டுக்கு, படிப்பறிவில்லாத நாட்டுக்கு ஜனநாயகம் தாங்காது என்பவர்களிடம் நான் போட்ஸ்வானாவைக் காட்டுவேன். 1966இல் விடுதலை பெற்றபோது உலகின் மிக ஏழை நாடுகளில் ஒன்று, கடற்கரை கிடையாது. பலகட்சித் தேர்தலை ஒருமுறைகூட நிறுத்தாமல், வைரத்தையும் திருடாமல், முப்பது வருடம் உலகிலேயே வேகமாக வளர்ந்த நாடுகளில் ஒன்றாக இருந்தது. 2024இல் 58 வருடம் ஆண்ட கட்சி தோற்று, சத்தமில்லாமல் வீட்டுக்குப் போனது. ஆனால் ருவாண்டாவில் 1994இல் நடந்தது போட்ஸ்வானாவில் நடக்கவில்லை. நூறு நாளில் அக்கம்பக்கத்தாரே லட்சக்கணக்கானவர்களை வெட்டிக் கொன்ற ஒரு நாட்டில், அடுத்த வருடமே தேர்தல் கூட்டம் போட்டு மைக் கொடுக்கலாமா? நான் கொடுத்திருக்க மாட்டேன் என்றுதான் நினைக்கிறேன். ருவாண்டா அதிபர் ககாமேயின் ஆட்சியில் குழந்தை இறப்பு குறைந்ததும் உண்மை. ஆனால் அது எத்தனை வருடத்துக்குச் செல்லும் சாக்கு? 2024 தேர்தலில் அவருக்கு 99 சதவீத வாக்கு. மக்கள் மனதில் என்ன இருக்கிறது என்பது இனி அவருக்கே தெரிய வழியில்லை. 2015இல் திருத்திய அரசியல் சட்டப்படி 2034 வரை அவர் இருக்கலாம். இந்த ஒரு நாட்டை வைத்து நீங்கள் என்னோடு வாதாடினால், என்னிடம் பாதிப் பதில்தான் இருக்கிறது.